160 ஏக்கரும் ஒரு விமான டிக்கெட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் மினியாபொலிஸுக்கு வந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. என் மேலதிகாரி நார்வே வம்சாவளியைச் சேர்ந்தவர். அவர்களுடைய முதல் கப்பல் வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை 2025இல் கொண்டாடினார்கள், நானும் போயிருந்தேன். எங்கள் தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருப்பவர் நேபாளி. காலை எட்டு மணிக்குத் திறந்து இரவு பத்து மணிக்கு அடைப்பார், ஞாயிறும் விடுமுறை இல்லை.

நார்வே, நேபாளம் இரண்டுமே மலைநாடுகள். இரண்டிலும் விளைநிலம் குறைவு. ஆனால் இங்கே இரு சமூகங்களும் இருக்கும் இடம் வேறு வேறு. 2019 கணக்குப்படி அமெரிக்காவில் நேபாளிக் குடும்பங்களின் இடைநிலை ஆண்டு வருமானம், அதாவது வரிசையில் சரிபாதியில் நிற்கும் குடும்பத்தின் வருமானம், 55,000 டாலர். நாடு முழுவதற்கும் அது 61,800. நார்வே வம்சாவளியினர் அதற்கும் மேலே. உழைப்பையும் படிப்பையும் மதிக்கும் பண்பாடு ஒரு பக்கம் கூடுதலாக இருப்பதுதானே காரணம்? நேபாளிகள் ஏன் கடை, பெட்ரோல் பங்க் என்று நின்றுவிடுகிறார்கள்? அடுத்த மாதம் தமிழ்ச் சங்கத்தில் இதைப் பற்றிப் பேசப்போகிறேன். இந்த இரு சமூகங்களிடமிருந்தும் நம்மவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது என்ன?

க.

*

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். கோபம் வந்தது, மூடிவைத்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி படித்தபோதுதான் அந்தக் கடைக்காரர் எத்தனை மணிக்குக் கதவைத் திறக்கிறார், எத்தனை மணிக்குச் சாத்துகிறார் என்று நீங்கள் கவனித்து எழுதியிருப்பது கண்ணில் பட்டது. மனிதர்களைப் பார்க்கிற கண் உங்களுக்கு இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். ஆனால் தம்பி, நாளைக்குப் பதினான்கு மணி நேரம் நின்றுகொண்டே இருக்கிற ஒருவரைப் பற்றி எழுதிய அதே கை, அடுத்த பத்தியிலேயே உழைப்பை மதிக்கும் பண்பாடு எந்தப் பக்கம் கூடுதல் என்று எப்படிக் கேட்டது?

பெட்ரோல் பங்க் பற்றிய கேள்வியை விட்டுவிடுகிறேன். ஊருக்குப் புதிதாக வந்தவன் எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அதற்குள்தான் நுழைவான். நம்மவர்கள் என்ன கற்க வேண்டும் என்பதையும் விட்டுவிடுகிறேன். அடுத்தவன் பட்ட பாட்டை நமக்குப் பாடமாக்கிக்கொள்ளும் அவசரம் எனக்குப் பிடிப்பதில்லை.

நீங்கள் கொண்டாட்டத்துக்குப் போன அந்தக் கப்பலின் கதையை முழுதாகச் சொன்னார்களா? 1825 ஜூலையில் ஸ்டவாங்கர் துறைமுகத்திலிருந்து 52 பேருடன் கிளம்பிய ‘ரெஸ்டராசியோன்’ அக்டோபர் 9 அன்று நியூயார்க்கை அடைந்தபோது அதில் 53 பேர் இருந்தார்கள். வழியில் ஒரு குழந்தை பிறந்திருந்தது. அவ்வளவு சிறிய கப்பலில் அத்தனை பேரை ஏற்றிவந்தது அமெரிக்கச் சட்டப்படி குற்றம். கப்பலைப் பறிமுதல் செய்தார்கள், 3,000 டாலருக்கு மேல் அபராதம் விழுந்தது. அந்தக் காலத்தில் அது அவர்களால் கனவிலும் கட்ட முடியாத தொகை. கடைசியில் குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் மன்னித்து விடுவித்தார். சட்டத்தை மீறி வந்திறங்கியவர்களாகத்தான் அமெரிக்காவில் நார்வேஜியர்களின் வரலாறு தொடங்குகிறது. அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்களுக்கு மன்னிப்பு கிடைத்தது என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த நூறு ஆண்டுகளில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். அவர்களில் பலர் சொந்த ஊரில் குடிவாரத்துக்கு இருந்தவர்கள். பண்ணைக்காரனின் நிலத்தோரம் ஒரு குடிசை போட்டுக்கொண்டு, அதற்கு வாடகையாக அவன் வயலில் உழைத்தவர்கள். அவர்களுக்கு அமெரிக்கா என்ன கொடுத்தது? 1862இல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் கொடுத்தது. பதிவுக் கட்டணம் மட்டும் கட்டிவிட்டு, ஐந்து ஆண்டுகள் அங்கேயே குடியிருந்து பயிர் செய்தால் நிலம் சொந்தம். அதற்குக் குடிமகனாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை; குடிமகனாகப் போகிறேன் என்று எழுதிக்கொடுத்தால் போதும். அப்படி எழுதிக்கொடுத்தவர்களுக்கு உங்கள் மினசோட்டாவில் 1896 வரை வாக்குரிமையும் இருந்தது. ஆங்கிலம் பேசத் தெரிய வேண்டும் என்ற நிபந்தனை 1906இல்தான் குடியுரிமைச் சட்டத்தில் நுழைந்தது.

அந்த நிலம் யாருடையது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே 1862 டிசம்பர் 26 அன்று, உங்கள் ஊரிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கும் மன்கேட்டோவில், அந்த மண்ணின் பழங்குடிகளான டகோட்டா இனத்தின் ஆண்கள் 38 பேரை ஒரே மேடையில் தூக்கிலிட்டார்கள். அடுத்த ஆண்டு அந்த இனத்தையே மாநிலத்தைவிட்டு விரட்டினார்கள்.

நார்வேயிலிருந்து வந்தவர்கள் சுகமாக வாழ்ந்தார்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புல்வேரோடு மண்ணைப் பாளம் பாளமாக வெட்டி அடுக்கிக் கட்டிய வீட்டில் அந்தக் குளிர்காலங்களைத் தாண்டினார்கள். 1873 முதல் 1877 வரை ஆண்டுதோறும் வெட்டுக்கிளி வந்து கோதுமையைத் தின்றது. பெண்பிள்ளைகள் நகரத்து வீடுகளில் வேலைக்காரிகளாகப் போனார்கள். 1918இல் அயோவா ஆளுநர், பொது இடத்திலும் தொலைபேசியிலும் ஆங்கிலம் தவிர எந்த மொழியும் பேசக் கூடாது என்று ஆணை போட்டார். நார்வே மொழியில் பிரசங்கம் கேட்டுப் பழகிய பாட்டிகள் தேவாலயத்தில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். இவ்வளவுக்கும் நடுவில் காலுக்கடியில் நிலம் இருந்தது. அந்த நிலத்தை அடகு வைத்தார்கள், அதன்மேல் கடன் வாங்கினார்கள், அடுத்த தலைமுறைக்குப் பிரித்துக் கொடுத்தார்கள், விற்றுப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள்.

அதே ஆண்டுகளில் ஒரு நேபாளி எப்படியோ கப்பலேறி அங்கே போயிருந்தால்? குடியுரிமை 1790 முதல் வெள்ளையருக்கும், 1870க்குப் பிறகு ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் மட்டுமே என்று சட்டம் இருந்தது. இந்தியாவிலிருந்து போய் அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திண்ட் வழக்கில், அவர் வெள்ளையர் அல்லர், ஆகவே குடிமகனாக முடியாது என்று 1923இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடியுரிமைக்குத் தகுதியில்லாதவனுக்கு 160 ஏக்கர் ஏது? கதவு உண்மையாகத் திறந்தது 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகுதான். அப்போதும் நேபாளிகள் பெருந்தொகையாக வரவில்லை. 2010 மக்கள்தொகைக் கணக்கில் அவர்கள் சுமார் 52,000 பேர். 2020இல் 2 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். அதாவது நீங்கள் காட்டும் 55,000 டாலர், பெரும்பாலும் நேற்று வந்தவர்களின் வருமானம். ஆறாவது தலைமுறையை முதல் தலைமுறைக்குப் பக்கத்தில் நிறுத்தி உயரம் அளந்திருக்கிறீர்கள். 2019இன் நேபாளியை 1880இன் நார்வேஜியனோடு ஒப்பிட்டிருந்தால் நான் மூச்சுவிடாமல் கேட்டிருப்பேன்.

‘நேபாளி’ என்ற சொல்லுக்குள் யார் யாரைப் போட்டிருக்கிறீர்கள் என்று பார்த்தீர்களா? படிக்க வந்து வேலையில் அமர்ந்த காத்மாண்டு பிள்ளைகள் ஒரு கூட்டம். விசா குலுக்கலில் பெயர் விழுந்து வந்தவர்கள் இன்னொன்று. மூன்றாவது கூட்டம் நேபாளத்தின் குடிமக்களாக ஒருநாளும் இருந்ததில்லை. பூட்டானில் நேபாளி மொழி பேசி வாழ்ந்து, அங்கிருந்து விரட்டப்பட்டு, நேபாளத்து முகாம்களில் பதினைந்து இருபது ஆண்டுகள் கிடந்து வந்தவர்கள். 2008க்குப் பிறகு அமெரிக்கா ஏற்றுக்கொண்ட இவர்கள் மட்டும் தொண்ணூறாயிரத்துக்கும் மேல். படிவத்தில் ‘நேபாளி’ என்று எழுதியவர் நேபாளி, ‘பூட்டானி’ என்று எழுதியவர் பூட்டானி. இந்த மூவருக்கும் சேர்த்து ஒரே இடைநிலை வருமானம் சொன்னால் அது யாருடைய வருமானம்?

இந்த மூன்றாவது கூட்டத்தில் ஒருவரை எனக்குத் தெரியும். 2019 இலையுதிர் காலத்தில் ஒகையோவின் கொலம்பஸ் நகரில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்தேன். மாலை நடையில் அறிமுகமான பெரியவர். பேச்செல்லாம் பதினான்கு வயதுப் பேத்தியின் வழியாகத்தான். ஒருநாள் வீட்டுக்கு அழைத்துப் போனார். வாசலில் ஒன்பது ஜோடிச் செருப்புகள். இரண்டு அறை. கிடங்கில் இரவு வேலை முடித்த மகன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். மருமகள் ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலைக்குப் போயிருந்தார். பெரிய பேரன் சனி, ஞாயிறுகளில் கார் கழுவுகிறான். உங்கள் கணக்கில் இது ஒரு குடும்பம், ஒரு வருமானம். மூன்று பேர் சம்பாதித்து ஒன்பது பேர் சாப்பிடும் வீட்டையும், வீட்டுக்கடன் தீர்த்துவிட்டு ஓய்வூதியத்தில் இருக்கும் இரண்டு பேர் வீட்டையும் ஒரே கோட்டில் வைத்திருக்கிறீர்கள்.

அந்த வீட்டுச் சுவரில் ஒரு கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். பட்டமளிப்புச் சான்றிதழ் என்று நினைத்தேன். பேத்தி சொன்னாள், அது விமான டிக்கெட் கடன் தீர்ந்ததற்கான கடிதம் என்று. அதுவரை இது எனக்குத் தெரியாது. அமெரிக்கா அகதிகளை வரவழைக்கும்போது விமானக் கட்டணம் கடனாகத்தான் தரப்படுகிறது. வட்டி கிடையாது, ஆனால் வந்து ஆறு மாதத்தில் தவணை தொடங்கிவிடும். கைக்குழந்தைக்கும் டிக்கெட் உண்டென்றால் கடனும் உண்டு. மொழி தெரியாமல், கைத்தொழில் இல்லாமல் வந்து இறங்குகிற குடும்பத்தின் முதல் சொத்து ஒரு பற்றுச்சீட்டு. ஒருவனுக்கு 160 ஏக்கர், இன்னொருவனுக்கு ஒரு பில். இதைப் பண்பாடு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

பெரியவர் அப்போது குடியுரிமைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். அவர் வந்தது 2013இல். முதிய அகதிகளுக்கு அரசு தரும் உதவித்தொகை, குடியுரிமை பெறாவிட்டால் ஏழு ஆண்டுகளில் நின்றுவிடும். அன்றைய தேர்வில் நூறு கேள்விகள். அதில் பத்து கேட்டார்கள், ஆறுக்குச் சரியாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஆங்கிலக் கேள்வியையும் பதிலையும் பேத்தி நாகரி எழுத்தில் எழுதிக்கொடுத்திருந்தாள். முதல் கேள்வியே, இந்த நாட்டின் உச்சச் சட்டம் எது என்பது. ஆங்கிலத்தில் நாட்டுக்கு ‘லேண்ட்’ என்ற சொல்லைப் போட்டிருக்கிறார்கள். பேத்தி அதை நிலம் என்று பெயர்த்துச் சொல்லிவிட்டாள். ‘நிலத்துக்கு என்ன சட்டம் என்று கேட்கிறார்கள்; எனக்குத் தெரிந்த நிலச் சட்டம் இதுதான்’ என்று பெரியவர் எழுந்துபோய் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தார். உள்ளே நான்காக மடித்துப் பழுப்பேறிய ஒரு தாள். 1958ஆம் ஆண்டு அவர் அப்பா பூட்டானில் கட்டிய நிலவரி ரசீது.

1985இல் பூட்டான் ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டது. 1958 முடிவுக்குள் அங்கே குடியிருந்ததற்கு அத்தாட்சி காட்டு என்றது. 1988 கணக்கெடுப்பில் தென்பகுதி மக்களை ஏழு வகையாகப் பிரித்தார்கள். பெரியவர் வீட்டில் ரசீது இருந்தது. ஆரஞ்சுத் தோட்டம் இருந்தது, ஏலக்காய் இருந்தது. ஒன்றும் உதவவில்லை. லட்சம் பேரோடு அவரும் வெளியேறி, ஜாப்பா மாவட்டத்து முகாமில் மூங்கில் குடிசைக்குள் போனார். ரசீதை மட்டும் விடவில்லை. ‘காகஜ்’ என்றார் அதைத் தடவிக்கொண்டே.

என் அப்பத்தா அதை ‘காயிதம்’ என்பாள். இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அவளும் தாத்தாவும் பேர் பதிந்திருந்த சீட்டு, தகரப் பெட்டியின் அடியில், கல்யாணச் சேலைக்கும் கீழே இருக்கும். 1948இல் இலங்கை போட்ட குடியுரிமைச் சட்டம் அப்பன் அங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. லயத்தில், தோட்டக் கூலிகளின் வரிசை வீட்டில், பிறந்த பிள்ளைக்கு யார் சான்றிதழ் எழுதினார்கள்? 1964இல் இரண்டு பிரதமர்கள் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எங்களைப் பங்கிட்டார்கள். நாங்கள் மண்டபம் முகாமில் இறங்கியபோது எனக்கு ஆறு வயது. பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னபோது அப்பத்தா சேலையை எடுத்துக்கொடுத்தாள், சீட்டைக் கொடுக்கவில்லை. கோத்தகிரியில் கரையான் அரித்துப்போன பிறகும் அந்தத் தூளை ஒரு துணியில் முடிந்து வைத்திருந்தாள். அரசாங்கம் எங்களை எந்தக் கணக்கில் எழுதினாலும், அந்த முடிச்சை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பேத்தி வழியாக இதைப் பெரியவரிடம் சொன்னேன். அவர் ரசீதை உறைக்குள் போட்டுவிட்டு, கரையான் வராத மாதிரி பிளாஸ்டிக்கில் போட்டிருக்க வேண்டும் என்று அப்பத்தாவுக்காக வருத்தப்பட்டார்.

பெருந்தொற்றில் தேர்வு தள்ளிப்போய், பிறகு அவர் தேறிவிட்டார் என்று மகள் சொன்னாள். மகிழ்ந்தேன். 2025இல் இந்தப் பூட்டான் அகதிகளில் சிலரை அமெரிக்கா திரும்பப் பூட்டானுக்கே நாடுகடத்தியது. பூட்டான் அவர்களை வைத்துக்கொள்ளாமல் இந்திய எல்லையில் கொண்டுவந்து விட்டது. சிலர் மறுபடி நேபாளத்து முகாமுக்கே போய்ச் சேர்ந்தார்கள். செய்தி வந்த வாரம் மகளைப் பெரியவர் வீட்டுக்கு அனுப்பினேன். குடியுரிமைச் சான்றிதழின் நகலை வீட்டில் ஒவ்வொருவரும் பையில் வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறார்களாம். மூலச் சான்றிதழ் அந்தப் பழைய உறைக்குள், 1958 ரசீதோடு இருக்கிறது.

உங்கள் பேச்சுக்கு வருகிறேன். வருமானத்தைக் காட்டும் படத்தைப் போடத்தான் வேண்டும் என்றால், ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் அந்தச் சமூகம் எந்த ஆண்டில் வந்தது, வந்த அன்று அரசு அதன் கையில் என்ன கொடுத்தது என்பதையும் எழுதுங்கள். அதற்கு முன் ஒரு வேலை. தெருமுனைக் கடைக்குப் போய், இரவு பத்து மணிக்கு அவர் கதவைச் சாத்தும்போது கூட நின்று, எந்த ஊர் என்று கேளுங்கள். காத்மாண்டுவா, பொக்கராவா, ஜாப்பா முகாமா என்று தெரிந்துகொண்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்