மாட் கேட்டால் அப்பாவின் ஐசியைக் கொடுப்பதா?

செங்காங்கிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். மகனுக்கு 13 வயது, உயர்நிலை ஒன்று. ரோப்லாக்ஸ் விளையாடும் கூட்டாளிகளோடு டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் ஒரு சர்வரில், அதாவது ஒரு குழுவில், இருக்கிறான். போன வாரம் அந்த சர்வரின் மாட் (குழுவை ஒழுங்குபடுத்தும் மாடரேட்டர்) ஒருவர் அவனுக்குத் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறார்: சிங்கப்பூரில் புதுச் சட்டம் வந்துவிட்டது, 48 மணி நேரத்துக்குள் உன் ஐசியையோ (அடையாள அட்டை) அப்பா அம்மா ஐசியையோ முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து ஒரு படம் அனுப்பு, இல்லையென்றால் சர்வரைவிட்டுத் தூக்கிவிடுவோம். இதே சமயத்தில் ரோப்லாக்சும் சாட் வேண்டுமானால் கேமராவில் முகத்தைக் காட்டு என்கிறது. "காண்டோ வாசலில் காவலாளியிடம் காட்டுவதில்லையா, கொடுத்துத் தொலை என்கிறார் என் வீட்டுக்காரர். டெலிகிராமில் ஒருவர் 12 வெள்ளிக்கு எல்லாவற்றையும் முடித்துக்கொடுப்பார் என்கிறான் பையனின் நண்பன். நான் என்ன செய்ய?"

சகோதரி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். மாட்டுக்கு ஐசி கொடுக்காதீர்கள். உங்களுடையது, வீட்டுக்காரருடையது, பாட்டியுடையது, எதுவுமே வேண்டாம். ரோப்லாக்ஸ் கேட்பது வேறு கதை, அதைப் பையன் தன் சொந்த முகத்தோடு, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது செய்யலாம். டெலிகிராம் ஆளை பிளாக் செய்துவிடுங்கள். இனி எழுதுவதெல்லாம் இதற்கான காரணங்கள்தான்.

மாட் என்றதும் ஏதோ கம்பெனி அதிகாரி என்று பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். நானே நான்கு வருடம் ஒரு விளையாட்டுக் குழுவில் மாட்டாக இருந்தவன். சம்பளம் கிடையாது, நேர்காணல் கிடையாது. சர்வரைத் தொடங்கியவனுக்கு என்னைப் பிடித்திருந்தது, பெயருக்குப் பக்கத்தில் ஒரு நிறத்தைக் கொடுத்தான், அவ்வளவுதான் நியமனம். என்னோடு இருந்த இன்னொரு மாட், இரவு பத்து மணிக்கு மேல் அம்மா திட்டுவார் என்று கிளம்பிவிடுவான். செய்தியை அழிக்கலாம், ஒருவரின் வாயை அடைக்கலாம், வெளியே தள்ளலாம். இதற்கு மேல் மாட்டுக்கு எந்த அதிகாரமும் இல்லை. அடையாள அட்டையைப் பார்க்கும் வேலை அவருக்கு யாரும் கொடுத்ததில்லை. டிஸ்கார்ட் நிறுவனம் வயதைச் சரிபார்க்க வேண்டுமென்றால் செயலிக்குள்ளேயே அதற்கான பக்கத்தைத் திறக்கும், இன்னொரு விளையாட்டாளரின் தனிச்செய்தி வழியாகக் கேட்காது.

"புதுச் சட்டம்" என்பதில் கால்வாசி உண்மை இருக்கிறது, அதனால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் 2025 மார்ச் 31ல் ஒரு நடைமுறை விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. அது யாருக்கு? ஆப்பிள், கூகல், சாம்சுங், ஹுவாவெய், மைக்ரோசாஃப்ட் ஆகியவற்றின் செயலிக் கடைகளுக்கு. 18 வயதுக்குக் குறைந்தவர்கள் தங்களுக்கு ஒவ்வாத செயலியை இறக்கிக்கொள்ளாதபடி அந்தக் கடைகள் வயதைச் சரிபார்க்க வேண்டும், ஏற்பாடு செய்துகொள்ள ஓராண்டு கூடுதலாகக் கொடுத்தார்கள். விளையாட்டுக் குழுவின் மாட் உங்கள் பிள்ளையின் ஐசியை வாங்கி வைக்கவேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. இன்னொன்று, உங்கள் மகனிடம் ஐசியே இருக்க வாய்ப்பில்லை. இங்கே 15 வயதில்தான் ஐசி, அரசாங்கச் சேவைகளுக்குள் நுழைய உதவும் சிங்பாசும் அப்போதுதான். 13 வயதுப் பையனிடம் ஐசி கேட்பவருக்கு ஒன்று சிங்கப்பூரைத் தெரியவில்லை, அல்லது நன்றாகத் தெரிந்தே பெரியவர்களின் ஐசிக்குக் குறிவைக்கிறார். செய்தியில் "அப்பா அம்மா ஐசி" என்று இருப்பதைப் பார்த்தால் எனக்கு இரண்டாவதுதான் தோன்றுகிறது.

வீட்டுக்காரரின் காண்டோ வாதத்துக்கு வருவோம். 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கேட்டாலோ அடையாளத்தை மிக உறுதியாகத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை இருந்தாலோ ஒழிய, எந்த நிறுவனமும் ஐசி எண்ணையோ நகலையோ வாங்கக்கூடாது. காவலாளி பார்க்கலாம், திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். படம் அனுப்புவது அப்படியில்லை, போனது போனதுதான். அதோடு, தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்தும். சொந்த முறையில் நடந்துகொள்ளும் தனி ஆள் அதன் பிடிக்குள் வரமாட்டார். அந்த மாட் ஜூரோங்கில் இருக்கிறாரா ஜகார்த்தாவில் இருக்கிறாரா என்பதே தெரியாதபோது யாரிடம் போய் நிற்பது?

எண் மட்டும்தானே என்றும் சிலர் கேட்பார்கள். ஐசி எண்ணும் பிறப்புச் சான்றிதழ் எண்ணும் ஒன்றுதான், சாகும்வரை மாறாது, 2000க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு முதல் எழுத்துக்கு அடுத்த இரண்டு இலக்கமே பிறந்த ஆண்டைக் காட்டிவிடும். 2024 டிசம்பரில் நிறுவனப் பதிவு விவரங்களைத் தேடும் பிஸ்ஃபைல் தளத்தில் முழு ஐசி எண்களும் தெரிந்து ஊரே அல்லோலப்பட்டது நினைவிருக்கும். அரசாங்கத் தரப்பில் எண் ரகசியமில்லை என்றார்கள், ஆனால் தேவையில்லாமல் வாங்காதே என்றார்கள், கடவுச்சொல்லாக வைக்காதே என்று அடுத்த ஆண்டு ஜூனில் சொன்னார்கள். மூன்றும் சரியான பேச்சுதான். ஆனால் அங்காடிக் கடையில் டீ குடிக்கும் ஒரு மனிதருக்கு இது விளங்கும்படி சொல்ல இவர்களுக்கு ஏன் இத்தனை நாள் ஆகிறது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. நீங்கள் நினைவில் வைக்கவேண்டியது எண்ணைவிட அந்தப் படத்தைத்தான். முகமும் அட்டையும் ஒரே படத்தில் இருந்தால், வேறு எங்கோ உங்கள் பெயரில் கணக்குத் திறக்க அது போதும்.

இதோடு ஒட்டிய இன்னொரு பொறி. "சரிபார்ப்பு பாட்" (தானாகச் செயல்படும் நிரல்) என்று சொல்லி ஒரு கியூஆர் குறியீட்டை அனுப்பி, கைப்பேசியில் டிஸ்கார்டைத் திறந்து ஸ்கேன் செய் என்பார்கள். அந்தக் குறியீடு உண்மையில் கணினியில் உள்நுழைவதற்கானது. பையன் ஸ்கேன் செய்து சம்மதம் கொடுத்த அடுத்த நொடி எதிரில் இருப்பவர் அவன் கணக்குக்குள் இருப்பார், கடவுச்சொல்கூடத் தேவையில்லை. சிங்பாஸ் கியூஆரும் இப்படித்தான் சுற்றுகிறது.

இனி ரோப்லாக்ஸ். 2026 ஜனவரியிலிருந்து சாட் செய்ய வயதுச் சோதனை கட்டாயம். கேமரா முன் முகத்தைக் காட்டி, சொல்லும் பக்கம் தலையைத் திருப்ப வேண்டும். பீர் வாங்க வரும் பையனைக் கடைக்காரர் ஏற இறங்கப் பார்ப்பாரே, அதே வேலைதான், யார் என்று பார்ப்பதில்லை, எத்தனை வயது இருக்கும் என்று ஊகிக்கிறது. படத்தை உடனே அழித்துவிடுவதாக நிறுவனம் சொல்கிறது. நீங்களோ நானோ உள்ளே போய்ப் பார்க்கமுடியாது, சொன்னதை நம்பவேண்டியதுதான். இருந்தாலும் ஐசி படத்தை முன்பின் தெரியாதவருக்கு அனுப்புவதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

நான் பார்த்தவரை பெற்றோர் வழுக்குவது இங்கேதான். பையன் கெஞ்சுவான், அப்பா சோபாவில் உட்கார்ந்தபடி கேமராவுக்கு முகத்தைக் காட்டிவிட்டு "முடிந்ததா?" என்று போனைத் திருப்பிக் கொடுப்பார். இருபது நொடி வேலை. அந்த இருபது நொடியில் என்ன நடந்தது தெரியுமா? ரோப்லாக்ஸ் ஆட்களை வயதுவாரியாகப் பிரிக்கிறது, 9க்குக் கீழ், 9 முதல் 12, 13 முதல் 15, 16 முதல் 17, பிறகு 18 முதல் 20, அப்புறம் 21க்கு மேல். அவரவர் தம் குழுவோடும் பக்கத்துக் குழுவோடும்தான் பேசமுடியும். அப்பாவின் முகத்தைக் காட்டியதும் உங்கள் 13 வயதுப் பையன் 21க்கு மேற்பட்டவர்கள் கூட்டத்தில் போய் உட்கார்ந்துவிட்டான். எந்த வகுப்புத் தோழர்களோடு பேசவேண்டும் என்று அழுதானோ அவர்களோடு பேசமுடியாது, முன்பின் தெரியாத பெரிய ஆட்களோடு பேசலாம். பிள்ளைகளைப் பெரியவர்களிடமிருந்து பிரிக்கத்தான் இந்தச் சோதனையே, நாம் கையைப் பிடித்து அழைத்துப்போய் அந்தப் பக்கம் விடுகிறோம். 2023 பிப்ரவரியில் 16 வயது மாணவர் ஒருவர் ரோப்லாக்சில் ஐஎஸ் பயங்கரவாத அமைப்பின் கருப்பொருளில் அமைந்த சர்வர்களில் சேர்ந்திருந்ததை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை வெளியிட்டதே, அதை மறந்துவிட வேண்டாம்.

12 வெள்ளி டெலிகிராம் ஆள் செய்வதும் இதேதான், கூடுதலாகக் கொஞ்சம் திருட்டு. ஏற்கெனவே வயது சரிபார்த்த கணக்கை விற்பார், அசல் சொந்தக்காரர் அவர்தான் என்பதால் நாளைக்கே திரும்ப எடுத்துக்கொள்வார். இல்லையென்றால் பையனின் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்பார், அதில் வாங்கி வைத்த பொருளெல்லாம் போகும். இன்னும் துணிந்தவர்கள் பெற்றோரின் சிங்பாசையே கேட்கிறார்கள். குற்றத்துக்குப் பயன்படக்கூடும் என்று சந்தேகிக்க இடமிருந்தும் சிங்பாஸ் விவரத்தைக் கொடுத்தால், 2024 பிப்ரவரி முதல் கொடுத்தவருக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை. பேநவ்வில் 12 வெள்ளி அனுப்பும்போது இதெல்லாம் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

சரி, முகச் சோதனை தப்பாகப் போனால்? ஓரிரண்டு வருடம் முன்பின் ஆகும், நிறுவனமே ஒப்புக்கொள்கிறது. உங்கள் மகனை 12 என்று கணித்துவிட்டது என்று வையுங்கள். குடி முழுகிவிடாது, 15 வயது வரை உள்ளவர்களோடு பேசலாம், அவன் வகுப்பு முழுக்க அதற்குள் வந்துவிடும். அப்படியே விடுங்கள். விடமுடியாது என்றால் முதலில் உங்கள் பெற்றோர் கணக்கை அவன் கணக்கோடு இணைத்து, அங்கிருந்து வயதைத் திருத்தப் பாருங்கள். ஆவணம் அனுப்பி முறையிடுவது கடைசி வழி. ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், 2025 அக்டோபரில் டிஸ்கார்டின் வாடிக்கையாளர் சேவையைக் கவனித்த வெளி நிறுவனத்தில் தகவல் கசிந்து, சுமார் 70,000 பேரின் அரசாங்க அடையாள அட்டைப் படங்கள் வெளியே போயிருக்கலாம் என்று அறிவித்தார்கள். "என் வயதைத் தப்பாகக் கணித்துவிட்டீர்கள்" என்று முறையிட்டபோது அனுப்பிய படங்கள் அவை. முன்வாசலில் படத்தை உடனே அழிப்பார்கள், முறையீட்டுக்கு வந்த படமோ யாரோ ஒரு குத்தகைக்காரரின் கோப்பில் கிடக்கும். ஆவணம் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் ஐசிக்குப் பதிலாக, சில ஆண்டில் காலாவதியாகிவிடும் கடப்பிதழைக் கொடுங்கள், செயலிக்குள் இருக்கும் பக்கத்தில் மட்டும் கொடுங்கள், மின்னஞ்சலில் வேண்டாம்.

புகார் விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு. என் அக்கா மகனின் கணக்கு திருட்டுப் போனபோது ஒரு விளையாட்டு நிறுவனத்துக்கு ஆறு முறை எழுதினேன், ஆறு முறையும் ஒரே பதில், கடைசியில் "உங்கள் பிரச்சினை தீர்ந்தது" என்று அவர்களே மூடிவிட்டார்கள். இங்கே நம் பக்கமும் செயலிக் கடைக்கு ஒரு ஆணையம், தகவலுக்கு வேறோர் ஆணையம், மோசடிக்குப் போலிஸ் என்று ஆளுக்கொரு கதவு. நீங்கள் எல்லாக் கதவையும் தட்டவேண்டாம். மோசடியா இல்லையா என்று சந்தேகம் வந்தால் மோசடித் தடுப்பு உதவி எண்ணான 1799ஐ அழையுங்கள். படம் ஏற்கெனவே போயிருந்தால், மாட் மிரட்டினால், ஐசியை வெளியிடுவேன் என்றால், போலிஸ் புகார் செய்யுங்கள். ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கில் அவரின் அடையாள விவரத்தை இணையத்தில் போடுவது 2020லிருந்து இங்கே குற்றம்.

இன்று இரவு செய்யவேண்டியது ஒன்றுதான். மகனை உட்காரவைத்து அந்தச் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், மாட்டின் பெயரை மட்டும் எடுத்தால் பயனில்லை, பெயரை நொடியில் மாற்றிவிடுவார்கள். டிஸ்கார்ட் அமைப்புகளில் டெவலப்பர் மோடைப் போட்டுவிட்டு அவர் சுயவிவரத்தில் "Copy User ID" என்பதை அழுத்தினால் நீளமான ஒரு எண் கிடைக்கும், அது மாறாது, அதையும் எழுதி வையுங்கள். செய்தியைச் செயலிக்குள்ளேயே புகார் செய்யுங்கள். அப்புறம் சர்வரைவிட்டு அவனே வெளியே வரட்டும், 48 மணி நேரம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கூட்டாளிகள் நாலு பேர்தானே, வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கிக்கொள்வார்கள்.