லேப்ராஸ்கோபி ஆபரேஷனுக்கு நகையை விற்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறார். பிரஷர் குறையவே இல்லை, பொட்டாசியமும் குறைவு. ஸ்கேனில் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் இடது அட்ரினல் சுரப்பியில் 2 செ.மீ. கட்டி, பிரஷரை ஏற்றி பொட்டாசியத்தைக் குறைக்கும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறதாம். அந்தச் சுரப்பியை எடுக்க, வயிற்றைத் திறந்து செய்வதைவிட சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோபிக்கு 70,000 ரூபாய் கூடுதல் என்கிறார்கள். எங்களிடம் 8 பவுன் நகையும் ஒரு சீட்டும்தான் உண்டு. விற்றுவிடட்டுமா?

பதில்: இப்போதைக்கு விற்காதீர்கள், சகோதரி. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்குங்கள். ரேஷன் கார்டு, ஆதாரோடு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவுக்குப் போய், இந்த ஆபரேஷன் எந்தெந்த மருத்துவமனையில் திட்டத்துக்குள் வரும் என்று கேளுங்கள். அட்மிஷனுக்கு முன்பே ஒப்புதல் வாங்க வேண்டும்.

கையிலிருந்து கட்டும்படி ஆனாலும் லேப்ராஸ்கோபியைத்தான் சொல்வேன். 1992இல் அறிமுகமான இந்த முறைதான் இவ்வளவு சிறிய கட்டிகளுக்கு இன்று வழக்கம். ரத்த இழப்பும் வலியும் குறைவு, பெரும்பாலும் சில நாளில் வீடு திரும்பலாம். திறந்து செய்தால் குனிந்து நிமிர்ந்து பால் வெட்ட இரண்டு மாதம்கூட ஆகலாம். இதில் பெரும்பாலும் மூன்று, நான்கு வாரம். அந்த வித்தியாசத்துக்கான கூலியை 70,000-லிருந்து கழித்துப் பாருங்கள். டாக்டர் சம்மதித்தால் மழையாலோ இலையுதிர்வாலோ வெட்டு நிற்கும் மாதத்தில் தேதி வாங்குங்கள். அதுவரை பிரஷர் மாத்திரையை விடக்கூடாது.

எந்தப் பக்கச் சுரப்பி அதிகம் சுரக்கிறது என்று பார்க்க, அட்ரினல் ரத்தக்குழாயில் ரத்தம் எடுக்கும் பரிசோதனையையும் டாக்டர் சொல்லக்கூடும். இந்த வயதில் அது தேவையான செலவு. ஸ்கேனை மட்டும் நம்பினால் தவறான பக்கத்தை எடுக்கும் அபாயம் உண்டு.

பற்றாக்குறைக்கு சீட்டைப் பெரிய தள்ளுபடியில் ஏலம் எடுக்காதீர்கள். கூட்டுறவு வங்கியிலோ தேசிய வங்கியிலோ தேவைக்கு மட்டும் இரண்டு, மூன்று பவுனை அடகு வையுங்கள். இந்த நோயை மறைத்து இப்போது புதிதாக மருத்துவக் காப்பீட்டு பாலிசி எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் கிளெய்ம் போய்விடும். சொல்லி எடுத்தாலும் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க நேரும்.

ஆபரேஷனுக்குப் பிறகு பொட்டாசியம் ஏறக்குறைய எல்லோருக்கும் சரியாகிவிடும். பிரஷர் அப்படியல்ல: பலருக்கு மாத்திரை குறையும், ஒரு பகுதியினருக்கு மட்டுமே முழுவதும் நிற்கும். எனவே மாத்திரைக்கான பணத்தை மாத பட்ஜெட்டில் அப்படியே வையுங்கள்.