மடியில் பிள்ளை, அடுப்பில் தொதல்: கேள்வி பதில்

கீழக்கரையிலிருந்து எழுதுறேன். 11 வருஷமா வீட்டிலேயே தொதல் (தேங்காய்ப்பால், கருப்பட்டி போட்டுக் கிண்டுற இனிப்பு), மாசி சம்பல் (மாசின்னா காயவச்ச சூரை மீன்), இறால் ஊறுகாய் போட்டு வித்துக்கிட்டு வர்றேன். மூணு பிள்ளைங்க. கடைசிக்கு ரெண்டரை வயசு. வீட்டுக்காரர் சபுராளி, அதாவது வெளிநாட்டுல பிழைக்கிறவர், வருஷத்துக்கு ஒரு தடவை முகம் காட்டுவார். பிள்ளையை வச்சுக்கிட்டு வீட்டுத் தொழில் பண்றதைப் பத்தி நேத்து இஷா தொழுகைக்கு அப்புறம் கேள்வி அனுப்பச் சொன்னேன், காலையில பார்த்தா குவிஞ்சு கிடக்கு. கேட்டவங்க ஊர்ப் பேரை முன்னாடி போட்டு, வந்த வரிசையிலேயே பதில் சொல்றேன்.

மண்டபம்: அக்கா, பாப்பாவுக்கு 7 மாசம். தவழ ஆரம்பிச்சுட்டா. ஊறுகாய், தொதல், வத்தல் எல்லாம் செய்யத் தெரியும். எதுல தொடங்கலாம்?

நல்ல கேள்வி தங்கச்சி. எது நல்லா விக்கும்னு கேக்காம எதுல தொடங்கலாம்னு கேட்டீங்க பாருங்க. வீட்டுத் தொழில்ல ரெண்டு வகை வேலை உண்டு. கையை எடுத்தா கெட்டுப்போற வேலை ஒண்ணு, கையை எடுத்தாலும் காத்துக்கிட்டு இருக்கிற வேலை ஒண்ணு.

தொதல் முதல் வகை. தேங்காய்ப்பாலும் அரிசி மாவும் கருப்பட்டியும் சேர்ந்து இறுக ஆரம்பிச்சதும் கரண்டி நிக்கவே கூடாது. பிள்ளை அழுதுச்சேன்னு நாலு நிமிஷம் போனீங்கன்னா அடிப்பிடிச்சிடும், அந்தக் கருகல் வாடை சட்டி முழுக்க ஏறிடும். அடுப்பை அணைச்சுட்டு வந்து திரும்பப் பத்தவச்சா அந்தப் பதம் வராது. அதுவும் போக, கொதிக்கிற தொதல் தோல்ல பட்டா ஒட்டிக்கிட்டு விடாது. தவழ்ற பிள்ளை இருக்கிற வீட்ல, பிள்ளையைத் தனியா வேற ஒருத்தர் வச்சிருந்தாலொழிய அந்தச் சட்டியையே ஏத்தாதீங்க. என் ரெண்டாவது பையன் பிறந்த வருஷம் நான் தொதலே போடலை. வாடிக்கைக்காரங்க பாதிப்பேர் போயிட்டாங்க. போகட்டும்னு விட்டுட்டேன், அப்புறம் திரும்பி வந்தாங்க.

கொத்தவரங்காய் வத்தல், மோர் மிளகாய், கருவாடு சுத்தம் பண்ணிப் பொட்டலம் போடுறது இதெல்லாம் ரெண்டாவது வகை. பாதியில எழுந்து பால் கொடுத்துட்டு வந்தாலும் கொத்தவரங்காய் கோவிச்சுக்காது. அதுல தொடங்குங்க. ஐப்பசி, கார்த்திகையில மட்டும் வத்தலை நம்பாதீங்க. கடக்காத்து ஈரத்துல பூத்துப்போகும்.

ஒண்ணு மறக்காதீங்க: மிளகாய்க் கையோட பிள்ளையைத் தொடாதீங்க. நம்ம முண்டு மிளகாய் காரம் வெறும் தண்ணியில போகாது. முதல்ல எண்ணெய் தேய்ச்சு, அப்புறம் சோப்பு போடணும். பால் கொடுக்கிற நாள்ல மிளகாய் வேலைக்குக் கையுறை மாட்டிக்குங்க.

சாயல்குடி: எவ்வளவு முதலீடு வேணும்?

வீட்ல இருக்கிற சட்டி, ஒரு தராசு, மூணு கிலோ சரக்கு. முதல் மூணு ஆர்டருக்கு முன்பணம் வாங்கிக்குங்க, அதுதான் முதலீடு.

பாம்பன்: உணவு உரிமம் கட்டாயமா? ஒரு ஏஜென்ட் 3,000 கேக்குறார்.

கட்டாயம்தான், வீட்ல செஞ்சாலும். நம்மள மாதிரி சின்ன அளவுல செய்யறவங்களுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு போதும், பெரிய உரிமம் வேண்டியதில்லை. நான் எடுத்தப்ப ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். இ-சேவை மையத்திலேயே போடலாம். கிடைக்கிற 14 இலக்க எண்ணை லேபிள்ல அச்சடிக்கணும். கூடவே உள்ள என்ன இருக்குங்கற பட்டியல், எடை, விலை, செஞ்ச தேதி, எதுவரைக்கும் சாப்பிடலாம், உங்க முகவரி. இறால் ஊறுகாய்க்கும் மாசிக்கும் அசைவக் குறி வேணும். இப்ப அது பழுப்பு முக்கோணம். பழைய லேபிளைப் பார்த்து வட்டம் போட்டுடாதீங்க. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு முழுக்க இலவசம், அதுக்கும் காசு கேட்டா எழுந்து வந்துடுங்க.

ஏர்வாடி: எவ்வளவு முதலீடு போடணும் லாத்தா?

ரெண்டு கேள்வி மேல பாருங்கம்மா.

தொண்டி: அஞ்சு கிலோ தொதல் போட்டு கிலோ 500-ன்னு வித்தேன். 300, 400 கையில நிக்குது. ஆனா உடம்பு செத்துப்போகுது. எங்க தப்பு?

உங்க கணக்கை எழுதலை, அதனால என் கணக்கைச் சொல்றேன். அஞ்சு கிலோவுக்குத் தேங்காய் 12, ஒண்ணு 35-ன்னா 420. கருப்பட்டி மூணு கிலோ 1,050. மாவு 60, நெய்யும் முந்திரியும் 300, கேஸ் 150, கால் கிலோ பிடிக்கிற ஓலைக் கொட்டான் 20-க்கு 160. ஆகமொத்தம் 2,140. கிலோ 500-க்கு வித்தா 2,500 வரும். 360 லாபம்னு நானும் நாலு வருஷம் சந்தோஷமா இருந்தேன்.

துருவி, பால் பிழிஞ்சு, கிண்டி, கொட்டான்ல அடைச்சு முடிக்க எனக்கு 7 மணி நேரம். அந்த 7 மணி நேரமும் என் பிள்ளையை எங்க உம்மா (அம்மா) வச்சிருந்தாங்க. ரெண்டையும் கூட்டினா 14. அந்த 360-ஐ 14-ஆல வகுத்துப் பாருங்க. மணிக்கு 26 ரூபாய்கூட வரலை. மணிக்கு 60-ன்னு வச்சா கூலியே 840. 2,140-ஓட சேர்த்து 2,980. கிலோவுக்கு 600 வைக்காம கட்டாது. பிள்ளையை யார் பார்த்துக்கிறாங்களோ அவங்களும் உங்க சட்டியைக் கிண்டுற ஆள்தான். அவங்க நேரத்தை எழுதாத கணக்கு கணக்கே இல்லை. எங்க உம்மாவுக்கு ஒவ்வொரு சட்டிக்கும் 420 எண்ணி வைக்கிறேன்.

கீழக்கரை, ஒரு பெரியம்மா: பேரப்பிள்ளையைத் தூக்க பெத்த உம்மாவுக்குக் கூலியா? நம்ம ஊர்ல இப்படி ஒரு பேச்சைக் கேட்டதே இல்லை.

பெரியம்மா, கோபிக்காம கேளுங்க. நம்ம ஊர்ல பொண்ணுக்கு வீடு கொடுத்துக் கட்டி வைக்கிறோம், மாப்பிள்ளைதான் வந்து போறார். அதனால பிள்ளைங்க பாரம் முழுக்க உம்மா தலையிலதான். நாலு மக இருந்தா நாலு வீட்டுப் பிள்ளையும் அவங்க மடியிலதான். நான் சம்பாதிக்கிற நேரத்துலயும் அதை ஓசின்னு எழுதிக்கணுமா?

திருப்புல்லாணி: அக்கா சொல்றது சரி. ஆனா எங்க மாமியார்கிட்ட காசு நீட்டினா வீடே ரெண்டாகிடும். "என்னை ஆயான்னு நினைச்சியா"ம்பாங்க.

கையில நீட்டாதீங்க. அவங்க பேர்ல சீட்டு போடுங்க, இல்லாட்டி அஞ்சலகத்துல கணக்கு தொடங்குங்க. கொடுக்கிற முறை உங்க வீட்டு வழக்கம். விலைக்குள்ள அந்தத் தொகை ஏறியாகணும், அதுதான் நான் சொல்றது.

தேவிபட்டினம்: கூலி கொடுத்தா பாசம் குறைஞ்சிடாதா?

எங்க வீட்ல குறையலை. உம்மா இப்ப நேரத்துக்கு வர்றாங்க, அவ்வளவுதான் மாற்றம்.

கீழக்கரை, அதே பெரியம்மா: நாங்க ஆறு பெத்தோம். யாருக்கும் கூலி கொடுக்கலை.

நீங்க ஓலைப் பெட்டி முடைஞ்சீங்களே பெரியம்மா, அந்தக் காசு யார் கைக்குப் போச்சு? ஏவாரி வாசல்ல வந்து கொடுத்த விலைதானே? அந்த விலையில உங்க உம்மா பிள்ளை பார்த்த நேரம் இருந்துச்சா? கேக்கணும்னுதான் கேக்குறேன், சண்டைக்கு இல்லை.

பாம்பன், வேற ஒருத்தங்க: எங்களுக்கு மாமியாரும் இல்லை, அம்மாவும் இல்லை. கருவாடு காயப்போடுற நாள்ல 12 வயசுப் பெரியவதான் தம்பியைப் பார்த்துக்கிறா. அவளுக்கு யார் கூலி கொடுக்கிறது?

இதைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் போனைக் கீழ வச்சுட்டேன்.

அந்த நாள்ல அவளுக்குப் பள்ளிக்கூடம் விட்டுப்போகுதா? விட்டுப்போகுதுன்னா, உங்க கருவாட்டு விலையில ஏறாம கிடக்கிற செலவு அவளோட ஏழாம் வகுப்பு. உங்களைக் குத்தம் சொல்லலை. கருவாடு சனி, ஞாயிறு வரைக்கும் காத்திருக்காதுன்னு எனக்கும் தெரியும். தம்பிக்கு ரெண்டு வயசு ஆயிடுச்சுன்னா அங்கன்வாடியில விடுங்க, அங்கேயே சாப்பாடும் போடுறாங்க. ஆகலைன்னா உங்களோட காயப்போடுற ரெண்டு மூணு பேர் சேர்ந்துக்குங்க. ஒருத்தர் பிள்ளைங்களோட உக்காரட்டும், மத்தவங்க மீனைப் பார்க்கட்டும், வித்த காசை உக்காந்தவங்களுக்கும் சேர்த்துப் பிரிங்க. பெரியவ பை தூக்கிக்கிட்டுப் போகட்டும். எப்படி ஆச்சுன்னு எனக்குத் தனியா எழுதுங்க, ஒரு வருஷம் கழிச்சானாலும் சரி.

ராமேஸ்வரம்: மீன்பிடித் தடைக்காலத்துல இறால் விலை ஏறிடுது. அப்ப என்ன பண்றது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. நாட்டுப்படகு இறால் வரும், ஆனா எல்லாரும் அதுக்குத்தான் நிப்பாங்க. பங்குனியிலேயே ஊறுகாயைப் போட்டு வைங்க. இறாலை ஈரம் போக வறுக்கணும், எண்ணெய் மேல மிதக்கணும், ஈரக் கரண்டி உள்ள போகக் கூடாது.

பிள்ளை வச்சிருக்கிறவங்க இன்னொண்ணும் யோசிக்கணும். பள்ளிக்கூட லீவும் அதே நாள்லதான் வருது. பிள்ளைங்க வீட்ல, வீட்டுக்காரரும் கரையில. விசைப்படகு வீட்டுக்காரங்களுக்கு வருஷத்துல இந்த ரெண்டு மாசம்தான் அப்பா கையில பிள்ளையைக் கொடுக்க முடியும். வலை பின்னப் போறேன், படகுக்குப் பெயின்ட் அடிக்கப் போறேன்னு கிளம்புவார். ஒருத்தனைக் கூடவே அனுப்பிவிடுங்க. மிளகாய்க் கையைக் கழுவிட்டுத் தூக்கிக் கொடுங்க.

பெயர் வேண்டாம்: கடல் அட்டை காயவச்சு வித்தா நல்ல காசுன்றாங்க.

ஜெயில். 2001-லிருந்து வனவிலங்குச் சட்டத்துல, பிடிக்கவே கூடாத உயிர்களோட முதல் அட்டவணையில இருக்கு அது. வீட்ல ஒண்ணுகூட வைக்காதீங்க.

உச்சிப்புளி: கறந்து வச்ச தாய்ப்பால் எவ்வளவு நேரம் தாங்கும்?

ஊறுகாய்க்காரிகிட்ட கேக்குற கேள்வி இல்லை இது. உங்க ஊர் செவிலியரக்காகிட்ட இன்னிக்கே கேளுங்க.

முதுகுளத்தூர்: ஜிஎஸ்டி?

வெளி மாநிலத்துக்குச் சரக்கு அனுப்பப் போறீங்கன்னா, அனுப்புறதுக்கு முன்னாடி ஆடிட்டரைப் பாருங்க.

வாலிநோக்கம்: குழுக்கடன் வாரத் தவணையில தர்றாங்க. வாங்கலாமா?

உங்க வரவு வாராவாரம் வருதா? வராதுன்னா வாரத் தவணையைத் தொடாதீங்க. பிள்ளைக்குக் காய்ச்சல்னு ரெண்டு வாரம் சட்டி ஏறலைன்னாலும் தவணை வாசல்ல வந்து நிக்கும். வங்கியில முத்ரா கடன், 'சிசு'ங்கிற சின்னக் கடன் வகையில 50,000 வரைக்கும் ஜாமீன் இல்லாம கேக்கலாம். உணவுத் தொழிலுக்கு மானியம் வேணும்னா ராமநாதபுரத்துல மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்க.

கமுதி: எவ்வளவு முதலீடு...

இல்லை. இதுக்கு இனி பதில் இல்லை.

மூக்கையூர்: மோர் மிளகாய் போட்டேன் அக்கா, பாப்பா கண்ணைக் கசக்கி அழுவுது.

பாருங்க! சுத்தமான தண்ணியில கண்ணை நல்லாக் கழுவிட்டே இருங்க, அழுகை நிக்கலைன்னா உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. இதைத்தான் காலையிலிருந்து கத்துறேன்.

பெரியபட்டினம்: லாத்தா, உங்க உம்மா முதல் தடவை காசு வாங்குனப்ப என்ன சொன்னாங்க?

எண்ணிப் பார்த்தாங்க. முந்தானையில முடிஞ்சாங்க. "போன வெள்ளிக்கிழமையும் நான்தானே பார்த்தேன், அது எங்க?"ன்னு கேட்டாங்க.