பல் இல்லாத தாடையால் ராட்சத டெரோசார்கள் எப்படி இரை பிடித்தன?

டெரோசார் என்ற இவ்வளவு பெரிய பறக்கும் ஊர்வன விலங்கு பல் இல்லாமல் எதைத் தின்றிருக்க முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். ருமேனியாவின் ஹட்செக் பகுதியில் கிடைத்து, 2002-ஆம் ஆண்டு பெயரிடப்பட்ட ஹட்செகோப்டெரிக்ஸ் என்ற டெரோசார் இதற்கு நல்ல விடை தருகிறது. டெரோசார்கள் டைனோசார்கள் அல்ல. அவற்றின் நெருங்கிய உறவினர்கள். ஆயினும் ஹட்செகோப்டெரிக்ஸின் மண்டையோட்டுத் துண்டுகள் மிகவும் கனமாகத் தோன்றியதால், முதலில் அவை ஊனுண்ணி டைனோசார் ஒன்றுடையவை என்றே கருதப்பட்டன. தாடை மூட்டருகே மண்டையின் அகலம் ஏறக்குறைய அரை மீட்டர். அப்படியென்றால் பறக்கும்போது தலையின் பாரம்? எலும்பின் உட்புறம், தெர்மோகோல் போல மெல்லிய சுவர்களால் பிரிக்கப்பட்ட நுண்குழிகளால் நிறைந்திருந்தது. வலிமையும் குறையவில்லை, எடையும் ஏறவில்லை.

கீழ்த்தாடையின் மூட்டு திருகுபோல் சரிந்த பள்ளம் கொண்டது. அதனால் வாயை மிக அகலமாகத் திறக்க முடிந்தது. நீரின் மேற்பரப்பைத் தாடையால் கிழித்துக்கொண்டே பறந்து மீன் பிடித்தன என்ற பழைய கருத்து, என் பார்வையில், இந்த உடலமைப்புக்குச் சற்றும் பொருந்தாது. அவ்வாறு வேட்டையாடும் பறவைகளின் கீழலகு கத்திபோல் பக்கவாட்டில் தட்டையானது, இங்கே அந்த அமைப்பே இல்லை. நாரையைப் போலத் தரையில் நடந்து சிறு விலங்குகளைக் கவ்வி விழுங்கின என்று 2008-இல் ஆய்வாளர்கள் விட்டனும் நெய்ஷும் முன்வைத்த விளக்கமே ஏற்புடையது. டெக்சாஸில் 1971-இல் கண்டெடுக்கப்பட்ட, சுமார் 10 மீட்டர் இறக்கை விரிப்புடைய மற்றொரு டெரோசாரான குவெட்சால்கோட்லஸின் நெருங்கிய இனங்களுக்குக் கழுத்து நீண்டு மெலிந்திருந்தது. ஹட்செகோப்டெரிக்ஸின் கழுத்தெலும்போ குட்டையாகவும் தடித்தும் இருப்பதால், அது இன்னும் பெரிய இரையையும் தாக்கியிருக்கக்கூடும்.