பத்து நிமிடத்தில் சரியானாலும் அது எச்சரிக்கைதான்

நிலாவெளி வாசகருக்கு (வயது 56),

பாரிசவாதம் (பக்கவாதம்) வந்துவிடுமோ என்ற பயத்தில் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். அதில் சொன்ன கண் இமை துடிப்பது, நெடுநேரம் சம்மணமிட்டு இருந்து எழும்பும்போது கால் விறைப்பது, இரவில் இரண்டு காதும் இரைவது எதுவும் பாரிசவாதத்தின் அறிகுறி அல்ல. விட்டுவிடுங்கள். தலையில் முதலில் தண்ணீர் ஊற்றிக் குளித்தால் மூளை நரம்பு வெடிக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததையும் அழித்துவிடுங்கள்.

கடைசி வரியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். போன மாதம் ஒருநாள் காலையில் தேத்தண்ணிக் கோப்பை வலது கையிலிருந்து நழுவியது, மனைவியைக் கூப்பிட வாயெடுத்தால் கதை குழறியது, பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. அப்பாவைக் கொண்டுபோன வருத்தம் எனக்கும் வருமா என்று கேட்கிறீர்கள். அதன் முன்னறிவிப்பு அன்றைக்கே வந்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.

மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயை ஒரு சிறு இரத்தக் கட்டி அடைத்து, தானாகவே கரைந்திருக்கலாம். 2000இல் வெளியான கலிபோர்னிய ஆய்வொன்றில், இப்படி வந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு 90 நாட்களுக்குள் முழுப் பாரிசவாதம் வந்தது. அதிலும் பாதி முதல் இரண்டு நாட்களுக்குள். உடனே சிகிச்சை தொடங்கினால் அந்த ஆபத்து ஏறத்தாழ 80 வீதம் குறையும் என்று 2007இல் ஒக்ஸ்போர்ட் ஆய்வு காட்டியது. உங்களுக்கு அந்த இரண்டு நாள் கடந்துவிட்டது, ஆபத்து கடக்கவில்லை. நாளைக் காலையே திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்குப் போய் இந்தப் பத்து நிமிடக் கதையை முதலில் சொல்லுங்கள். குருதியமுக்கம், சீனி, கொழுப்பு பார்ப்பார்கள். ஈசிஜியும் எடுக்க வேண்டும். நாடி தாளம் தப்பித் துடிக்கும் ஒருவகை இதய வருத்தம் பாரிசவாத ஆபத்தை ஐந்து மடங்காக்கும், பலருக்கு அது இருப்பதே தெரியாது. கழுத்துக் குழாய்களை ஸ்கான் செய்யவும் சொல்லலாம்.

தலையிடி இல்லை என்று பிரஷர் குளிசையை நீங்களாகவே நிறுத்தியது எனக்குக் கோபத்தைத் தருகிறது. பிரஷர் பெரும்பாலும் எதையும் காட்டாமலே ஏறும். 32 நாடுகளில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், பாரிசவாதத்துக்கான மாற்றக்கூடிய காரணங்களில் அதுதான் முதலிடம். கருவாட்டையும் ஊறுகாயையும் குறையுங்கள். ஆனால் அது குளிசைக்கு ஈடாகாது.

பாமசியில் கேட்டு வாங்கிப் போடும் அஸ்பிரினையும் வைத்தியரிடம் காட்டுங்கள். அது உங்களுக்குத் தேவைப்படலாம். ஆனால் குழாய் வெடித்து இரத்தம் கசிந்தும் பாரிசவாதம் வரும். அந்த வேளையில் அஸ்பிரின் கேடு செய்யும். எது என்பது சிடி ஸ்கானில்தான் தெரியும்.

மனைவிக்கு இன்றே சொல்லிக் கொடுங்கள். முகம் ஒருபக்கம் கோணினாலோ, இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று கீழே இறங்கினாலோ, கதை குழறினாலோ உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டும். சரியாகிவிட்டாலும் அழைக்க வேண்டும். விரல் நுனியில் ஊசி குத்துவது, சோடா பருக்குவது எதுவும் வேண்டாம். கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து அது கணக்கு. அம்புலன்ஸில் வருபவர்களிடம் அந்த நேரத்தை முதலில் சொல்லச் சொல்லுங்கள்.