கணக்குக்கு மட்டும் எட்டாவதில் உட்காரலாமா?

அண்ணே, ஏழாவது படிக்கும் மகளைக் கணக்குக்கு மட்டும் எட்டாவதில் உட்காரச் சொல்கிறார்கள், அந்தப் பீரியடில் அறிவியல் போய்விடுமே என்று கேட்டிருந்தீர்கள். அறிவியலை விடவே விடாதீர்கள். எட்டாவதில் என்எம்எம்எஸ் என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வை எழுதினால் பாடப்பகுதியின் 90 கேள்விகளில் அறிவியலும் உண்டு. ஏழுக்கும் எட்டுக்கும் கணக்கு ஒரே பீரியடில் வருமாறு டைம்டேபிள் கேளுங்கள். ஜூனில் போடும்போதே சொன்னால்தான் நடக்கும், பிறகு ஒன்றை மாற்றினால் நாலு வகுப்பு கலையும். சாயங்காலத் தனி வகுப்பு வேண்டாம், காரைக்குடியிலிருந்து கண்டனூர் பஸ்ஸைப் பிடிக்கிற பிள்ளைக்கு அது நிலைக்காது.

முதலில் 7−(3−5) போடச் சொல்லுங்கள். 9 வரவேண்டும். −1 வந்தால் அடைப்பை நீக்கும்போது குறி மாற்றத் தெரியவில்லை. எட்டாவது இயற்கணிதம் முழுக்க அங்கேதான் இடறும். அதைச் சரிசெய்யாமல் அனுப்பாதீர்கள்.