அமேசான் ஊருக்குத் தன்னார்வலராகச் செல்ல விரும்பும் மகள்: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

சமூகப்பணியில் இளநிலைப் பட்டப்படிப்பை முடிக்கவிருக்கும் தங்கள் மகள், மேற்படிப்பை ஓராண்டு தள்ளிவைத்துவிட்டு ஈக்வடார் நாட்டின் அமேசான் பகுதியில், நாபோ மாகாணத்துக் கிச்வா பழங்குடி ஊர் ஒன்றில் தன்னார்வப் பணி செய்ய விரும்புவதாக எழுதியிருந்தீர்கள். இது அவருடைய எதிர்காலத்துக்கு உதவுமா, பாதுகாப்பானதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். தாங்கள் இணைத்திருந்த ஏற்பாட்டு நிறுவனத்தின் கையேட்டையும் முழுமையாகப் படித்தேன். அந்தக் கையேட்டை நம்பி மட்டும் அனுப்ப வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் மகளின் விருப்பத்தைக் கைவிடச் சொல்லுமாறு தங்களுக்கு நான் ஆலோசனை கூற மாட்டேன். அந்த விருப்பம் நல்லது, அதற்கான வழியைத்தான் மாற்ற வேண்டியிருக்கிறது.

கையேட்டில் குழந்தைகளின் படங்கள் நிறைய இருக்கின்றன. ஊரின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. தன்னார்வலர் வேண்டும் என்று கேட்டது யார் என்பதும் இல்லை. எனக்கு இதுவே பெரிய குறை. பழங்குடி மக்களின் உரிமைகள் குறித்து ஐக்கிய நாடுகள் அவை 2007-இல் ஏற்றுக்கொண்ட பிரகடனம், அவர்களைப் பாதிக்கும் முடிவுகளில் அவர்களுடைய சுதந்திரமான, முன்கூட்டிய, விவரமறிந்த ஒப்புதல் வேண்டும் என்று வலியுறுத்துகிறது. ஈக்வடாரில் இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. நாபோவுக்குத் தெற்கே பாஸ்தாசா மாகாணத்தில் உள்ள சராயாகு என்னும் கிச்வா மக்கள், தங்களைக் கலந்தாலோசிக்காமல் எண்ணெய் ஆய்வுக்கு அனுமதி கொடுத்து, தங்கள் காட்டில் ஒரு டன்னுக்கும் மேற்பட்ட வெடிமருந்து புதைக்கப்பட இடமளித்த அரசுக்கு எதிராக அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றம் வரை சென்று, 2012-இல் தீர்ப்பைத் தங்கள் பக்கம் பெற்றார்கள். எண்ணெய் நிறுவனத்தையும் தங்கள் மகளையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று எண்ண வேண்டாம். தங்கள் நிலத்துக்குள் யார், எதற்காக வருகிறார்கள் என்று கேட்கும் உரிமைக்காக இத்தனை ஆண்டுகள் போராடிய மக்களிடம், அவர்களுக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்யப்பட்ட விருந்தினராகச் சென்று நிற்பது சரியாக இருக்காது என்றுதான் சொல்கிறேன். எனவே ஊரின் பெயரையும், ஊர்ச் சபை எடுத்த முடிவின் நகலையும், சபைத் தலைவரைத் தொடர்புகொள்ளும் வழியையும் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். உண்மையான ஏற்பாடாக இருந்தால் இவற்றைக் கொடுப்பதில் அவர்களுக்குச் சிரமம் இருக்காது.

அடுத்தது வேலை. நான்கு வாரம் ஆங்கிலம் கற்பித்தல், பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசுதல் என்று கையேடு சொல்கிறது. ஈக்வடாரில் இருமொழி, பல்பண்பாட்டுக் கல்வி முறை 1988 முதல் இருக்கிறது. கிச்வா பேசும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். மாதம் ஒரு புதியவர் வந்து ஆங்கில எழுத்துகளை முதலிலிருந்து தொடங்கினால், அந்தப் பிள்ளைகள் ஆண்டு முழுவதும் முதல் பாடத்தைத்தான் படித்துக்கொண்டிருப்பார்கள். சுவருக்கு வண்ணம் பூசவோ ஊரிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். கூலியும் அவர்களுக்கே போகட்டும். தங்கள் மகளின் படிப்புக்கு ஏற்ற வேலைகள் வேறு. அந்தப் பகுதியில் சாக்லேட்டுக்கான கக்காவோவும், தேநீர்போல் கொதிக்கவைத்துக் குடிக்கும் குவாயூசா இலையும் விற்கும் உற்பத்தியாளர் சங்கங்களும், கைவினைப் பொருள் செய்யும் பெண்கள் குழுக்களும் இயங்குகின்றன. அத்தகைய குழுவின் கணக்குகளை ஒழுங்குபடுத்துவது, நிதி உதவிக்கு விண்ணப்பம் எழுத உடனிருப்பது, உறுப்பினர் ஒருவருக்குக் கணினியில் பதிவேடு பராமரிக்கக் கற்றுக்கொடுப்பது ஆகியவை, அவர் திரும்பிய பிறகும் ஊரில் பயன்படும் வேலைகள்.

இவை எதற்கும் ஸ்பானிய மொழி இல்லாமல் வழியில்லை. 2008-ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி ஸ்பானியம் அந்நாட்டின் ஆட்சிமொழி. கிச்வாவும் சுவாரும் பல்வேறு இனங்களுக்கிடையிலான உறவுக்குரிய அலுவல் மொழிகள். நாபோவின் கிச்வா வீடுகளில் பொழுது விடியுமுன்பே எழுந்து, அடுப்பைச் சுற்றி அமர்ந்து குவாயூசா இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தபடி, முந்தைய இரவு கண்ட கனவுகளையும் அன்றைய வேலைகளையும் பேசுவது மரபு. ஒரு குடும்பத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. மொழி தெரியாதவருக்கோ அது வெறும் தூக்கக் கலக்கம். மொழியறியாத் தன்னார்வலர்கள் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டு நாட்களைக் கழித்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஆகவே ஓராண்டு இடைவெளியின் முதல் ஐந்து மாதங்களை ஸ்பானியத்துக்கு ஒதுக்கி, டெலே என்னும் ஸ்பானிய மொழித் தகுதித் தேர்வில் இடைநிலையான பி1 நிலையை எட்டச் சொல்லுங்கள். அந்தச் சான்றிதழ் காலாவதி ஆவதில்லை. பயணமே நடக்காமல் போனாலும், வளர்ச்சித் துறையில் வேலை தேடும்போது இது கையில் இருக்கும் தகுதி. கூடவே கிச்வாவில் வணக்கம், நன்றி அளவுக்காவது பழகிக்கொள்ளட்டும்.

மரவள்ளிக்கிழங்கை மென்று புளிக்கவைத்த சிச்சா என்னும் பானத்தை ஊரார் நீட்டினால் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளவும், மிங்கா என்னும் பொதுவேலை நாளில் எல்லாரோடும் சேர்ந்து பாதை வெட்டவும் அவர் தயாரா என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். உடல்நலக் காரணத்தால் குடிக்க முடியாதென்றால், யாரிடம், எப்படிச் சொல்வது என்று முன்னதாகவே கேட்டு வைப்பது நல்லது.

குழந்தைகளோடு பணி என்றால், நிறுவனம் தங்கள் மகளைப் பற்றி என்ன விசாரிக்கிறது என்று கவனியுங்கள். காவல்துறை நன்னடத்தைச் சான்று கேட்காமல் பணத்தை மட்டும் கேட்கும் நிறுவனம், முன்பின் தெரியாத எவரையும் அக்குழந்தைகளிடம் அனுப்பும். ஆதரவற்றோர் இல்லங்களில் தன்னார்வப் பணி என்பதை அறவே தவிர்க்கச் சொல்லுங்கள். அதனால் குழந்தைகளுக்கு நேரும் தீங்கை ஐ.நா. பொதுச்சபையே 2019-இல் சுட்டிக்காட்டியிருக்கிறது.

பாதுகாப்பு குறித்த தங்கள் அச்சம் நியாயமானது. குற்றக் கும்பல்களின் வன்முறை காரணமாக 2024 ஜனவரியில் அந்நாட்டு அரசு உள்நாட்டு ஆயுத மோதல் நிலையை அறிவித்தது. குவாயாகில் போன்ற கடலோர நகரங்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. நாபோ அவற்றிலிருந்து விலகியே இருக்கிறது என்றாலும், தங்கள் நாட்டு வெளியுறவுத் துறையின் பயண அறிவுரையைப் புறப்படும் வாரம் வரை பார்த்துக்கொண்டிருங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் போட்டுக்கொள்ள வேண்டும். 2016 முதல் அதன் சான்று ஆயுள் முழுவதும் செல்லும். மலேரியாத் தடுப்பு மருந்து பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். தலைநகர் கீட்டோ 2,850 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இறங்கியதும் ஓரிரு நாள் ஓய்வெடுத்துவிட்டுத்தான் காட்டுப் பகுதிக்கு இறங்க வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது, ஊரிலிருந்து மருத்துவமனைக்குப் படகிலும் சாலையிலும் எவ்வளவு நேரம் ஆகும், அவசர வெளியேற்றச் செலவைக் காப்பீடு ஏற்குமா என்ற இரண்டு கேள்விகள். விசாவில் ஊதியமில்லாப் பணிக்கு அனுமதி உண்டா என்பதைத் தூதரகத்திடமே உறுதிசெய்யுங்கள். நிறுவனத்தின் வாய்மொழி போதாது.

கட்டணத்தில் எவ்வளவு பங்கு தங்கும் குடும்பத்துக்கும் ஊர்ச் சபைக்கும் போகிறது என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று சொல்கிறேன்: 1970-இல் தொடங்கப்பட்டு ஜெர்மனியின் பான் நகரிலிருந்து இயங்கும் ஐ.நா. தன்னார்வலர் திட்டம் விண்ணப்பிப்பவரிடம் கட்டணம் வாங்குவதில்லை, பணிக்காலத்தில் வாழ்க்கைச் செலவுப் படியும் தருகிறது. போட்டி அதிகம்தான்; ஆனாலும் 18 முதல் 26 வயது வரையிலான இளைஞர்களுக்குத் தனிப்பிரிவு இருப்பதால் மகள் அதில் பதிவு செய்துவைக்கட்டும்.

மேற்படிப்பைப் பொறுத்தவரை, சேர்க்கைக் குழுவினர் அமேசான் என்ற பெயரைக் கண்டு மயங்குவதில்லை. தகுதியுள்ள ஒருவரின் மேற்பார்வையில் எத்தனை மணி நேரம், என்ன பொறுப்பில் பணி செய்தார், அதற்கு அந்த மேற்பார்வையாளர் கையொப்பமிட்டுக் கடிதம் தருவாரா என்றுதான் பார்ப்பார்கள். அத்தகைய மேற்பார்வையாளர் இல்லையென்றால் அது நல்ல பயணமாக இருக்கலாம், களப்பணியாகக் கணக்கில் வராது. அங்கே சேகரிக்கும் தகவல்களைப் பின்னாளில் ஆய்வேட்டில் பயன்படுத்த எண்ணினால், பல்கலைக்கழக அறநெறிக் குழுவின் அனுமதியும் ஊராரின் ஒப்புதலும் முன்பே தேவை. தென்னாப்பிரிக்காவின் சான் பழங்குடி மக்கள் 2017-இல் ஆய்வாளர்களுக்கென்று தாங்களே நெறிமுறை வகுத்து வெளியிட்டார்கள். அதை அவர் படித்துவிட்டுச் செல்வது நல்லது. மூலிகை மாதிரிகளையோ அவை பற்றிய மருத்துவ அறிவையோ அனுமதியின்றி எடுத்துவருவது, மரபணு வளங்களைப் பெறுவதையும் அவற்றின் பயனைப் பகிர்வதையும் முறைப்படுத்த 2014-இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறை என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின் கீழ் சட்டச் சிக்கலாகக்கூடும்.

எனவே மேற்படிப்புக்கு இப்போதே விண்ணப்பித்து, இடம் கிடைத்ததும் சேர்க்கையை ஓராண்டு ஒத்திவைக்க எழுத்தில் அனுமதி பெறுவது முதல் வேலை. அதன்பின் மொழி, அதன்பின் நான்கு வாரத்துக்குப் பதிலாக ஐந்தாறு மாதம் ஒரே ஊரில் தங்கும் ஏற்பாடு. நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டிய கேள்விகளை இந்த வாரமே மகளையே எழுதச் சொல்லுங்கள். முன்பணத்தை அதுவரை செலுத்த வேண்டாம். பதில் வந்ததும், காப்பீட்டு ஆவணத்தையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். இரண்டையும் படித்துவிட்டு மகளுடனும் ஒருமுறை பேசுகிறேன்.

அன்புடன்,
தங்கள் கல்வி ஆலோசகர்